கணிப்பொறியில் வயல் வரைபடம்: வரைவுக் குழுவினருக்குச் சில குறிப்புகள்

வீடு கட்டுவோர் படம் போடாமல் கடைக்கால் தோண்டுவதில்லை. ஆனால் வீட்டைவிடப் பன்மடங்கு பெரிதான வயலில் குழாய் பதிக்கும்போதும், குட்டை வெட்டும்போதும், தென்னை நடும்போதும் பெரும்பாலும் கண் மதிப்பையே நம்புகிறோம். கண் மதிப்பில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் கூடக்குறைய இருந்தால் தாழ்வில்லை. பத்து சென்ட் தவறினால் அது குழாய் விலையிலும், உர அளவிலும், மண் வெட்டும் கூலியிலும் வந்து நிற்கும்.

கணிப்பொறியில் வரைபடம் போடுவது இன்று பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய கலை அன்று. பத்தாம் வகுப்புக் கணக்கு நினைவில் உள்ள எவரும் இரண்டு வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். தனியாகக் கற்பதைவிட, ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வரைவுக் குழுவாக மாதம் ஒருமுறை கூடிப் பழகுவது நல்லது. ஒருவர் வயலை மற்றொருவர் அளந்து, மூன்றாமவர் வரையும்போது தவறுகள் தாமே வெளிப்படும். இவ்வாறு பழகிவரும் குழுவினருக்கும், இனிமேல் தொடங்க எண்ணுவோருக்கும் உதவக்கூடிய குறிப்புகளை இங்கே காண்போம்.

எந்த மென்பொருள்?

இத்துறையில் பலரும் அறிந்த பெயர் ஆட்டோகேட். அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த மென்பொருள், சிறிய கணிப்பொறிகளில் இயங்கியதால் உலகெங்கும் பரவியது. முன்பெல்லாம் ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் எத்தனை ஆண்டானாலும் பயன்படுத்தலாம். 2016-ஆம் ஆண்டு தொடக்கத்துடன் அவ்வாறு புதிதாக விற்பது நிறுத்தப்பட்டு, சந்தா கட்டிப் பயன்படுத்தும் முறை வந்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள் போடும் உழவருக்கு இந்தச் சந்தா கட்டுப்படியாகாது.

வயல் வரைபடத்துக்கு லிபர்கேட் என்னும் இலவச மென்பொருளே போதுமானது. இது கியூகேட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். பழைய கணிப்பொறியிலும் தடங்கலின்றி ஓடும். தட்டையான படங்களை மட்டுமே இதில் வரையலாம், முப்பரிமாணம் கிடையாது. நமக்கு அது தேவையும் இல்லை. திருட்டுப் பிரதியாக விலை உயர்ந்த மென்பொருளைப் போட்டுக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, அதனுடன் நச்சு நிரல்களும் சேர்ந்து வரும். இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது அந்த வழி நமக்கு எதற்கு?

குழுவில் எல்லாரும் ஒரே மென்பொருளை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. படத்தைச் சேமிக்கும்போது டி.எக்ஸ்.எஃப். என்ற வடிவில் சேமித்தல் வேண்டும். இது ஏறத்தாழ எல்லா வரைவு மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவம். ஆட்டோகேட்டின் சொந்த வடிவமான டி.டபிள்யூ.ஜி. கோப்பை இலவச மென்பொருள்கள் சில வேளை திறக்கும், சில வேளை திறக்காது. சொட்டுநீர் நிறுவனத்தாரிடம் படம் கேட்கும்போதே, "டி.எக்ஸ்.எஃப். வடிவில் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான்கு பக்கம் அளந்தால் போதாது

குழுவினர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான். நான்கு வரப்பின் நீளத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டால் வயலின் பரப்பு தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிக் கணக்குச் சொல்லும் வழக்கம் ஊர்களில் இன்றும் உண்டு. வயல் நீள்சதுரமாக இருந்தால் இந்தக் கணக்கு சரிவரும். வயல் சாய்ந்து கிடந்தால் ஏமாற்றிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அ, ஆ, இ, ஈ என்ற நான்கு மூலைகளைக் கொண்ட ஒரு வயல். அ முதல் ஆ வரை 60 மீட்டர், ஆ முதல் இ வரை 40 மீட்டர், இ முதல் ஈ வரை 55 மீட்டர், ஈ முதல் அ வரை 45 மீட்டர். ஊர்க் கணக்குப்படி 57.5 மீட்டரை 42.5 மீட்டரால் பெருக்கினால் 2,444 சதுர மீட்டர், அதாவது 60 சென்டுக்குச் சற்று மேல் வருகிறது.

இப்போது அ முதல் இ வரை குறுக்கே ஒரு மூலைவிட்டம் அளக்கிறோம். அது 70 மீட்டர் என்றால் வயலின் பரப்பு 2,435 சதுர மீட்டர். ஊர்க் கணக்கு சரியே. ஆனால் அதே மூலைவிட்டம் 88 மீட்டர் என்று வந்தால் பரப்பு 2,056 சதுர மீட்டர்தான். ஏறத்தாழ 51 சென்ட். நான்கு வரப்பின் நீளமும் அணுவளவும் மாறவில்லை, ஆனாலும் ஒன்பதரை சென்ட் குறைந்துவிட்டது! நான்கு மூங்கில்களை நுனியில் கட்டி ஒரு சட்டம் செய்து, எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மூங்கிலின் நீளம் மாறாமலே சட்டம் ஒடுங்குவதைக் காணலாம். அந்தச் சட்டத்தைக் குறுக்கே ஒரு மூங்கில் வைத்துக் கட்டினால் அசையாது. வயலுக்கு அந்தக் குறுக்கு மூங்கில்தான் மூலைவிட்டம்.

இதைக் கணிப்பொறியில் வரையும் முறை எளிது. முதலில் அ–இ மூலைவிட்டத்தை 88 மீட்டர் நீளக் கோடாக, 0,0 என்ற இடத்திலிருந்து 88,0 என்ற இடம் வரை வரைந்துகொள்ளுங்கள். அ என்ற முனையை மையமாக வைத்து 60 மீட்டர் ஆரமுள்ள வட்டமும், இ என்ற முனையை மையமாக வைத்து 40 மீட்டர் ஆரமுள்ள வட்டமும் போட்டால் இரண்டும் மேலும் கீழுமாக இரு இடங்களில் வெட்டும். கீழே வெட்டும் இடம் ஆ. அவ்வாறே அ-விலிருந்து 45, இ-யிலிருந்து 55 என்று வட்டங்கள் போட்டால், மேலே வெட்டும் இடம் ஈ. நான்கையும் கோட்டால் இணைத்தால் வயல் வந்துவிட்டது. பிறகு தகவல் பகுதியில் உள்ள பரப்பளவு ஆணையைக் கொடுத்து மூலைகளை வரிசையாகத் தொட்டால், சதுர மீட்டரில் விடை கிடைக்கும். அதை 40.47-ஆல் வகுத்தால் சென்ட்.

இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். மற்றொரு மூலைவிட்டமான ஆ–ஈ எவ்வளவு என்று திரையில் அளந்து பாருங்கள். மேற்கண்ட வயலில் அது 49.73 மீட்டர் இருக்கும். இப்போது வயலுக்குச் சென்று அந்த மூலைவிட்டத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். 49.7, 49.8 என்று வந்தால் உங்கள் ஐந்து அளவுகளும் சரி. 51 என்று வந்தால் எங்கோ ஓர் அளவு தவறிவிட்டது. படத்தைத் திருத்தப் பார்க்காமல் திரும்ப அளப்பதே முறை. படம் அழகாக மூடிக்கொண்டதே என்று மனம் நிறைவடைவது புதியவர்கள் செய்யும் பிழை. ஐந்து அளவுகளில் ஒன்று தவறாக இருந்தாலும் படம் அழகாகத்தான் மூடும். ஆறாவது அளவு ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

துணி டேப் நாளடைவில் நீண்டுவிடும். இழை டேப் அல்லது எஃகு டேப் நல்லது. 30 மீட்டர் டேப்பால் 88 மீட்டரை அளக்கும்போது நடுவில் கோணல் வராமல் இருக்க, இரு முனைகளிலும் கம்பு நட்டு, இடையில் நடும் கம்புகளை ஒரே பார்வையில் நிறுத்துதல் வேண்டும். ஒவ்வொரு முழு டேப்புக்கும் ஒரு முளைக்குச்சி அடித்து, முடிவில் குச்சிகளை எண்ணுங்கள். வாய்க்கணக்கில் ஒரு டேப் விட்டுப்போவது அனுபவமுள்ளவர்களுக்கும் நேர்வதே. சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு சேர்த்துப் பிடிக்காமல் மட்டமாகப் பிடித்து, சிறு சிறு துண்டுகளாக அளக்க வேண்டும்.

வளைந்த வரப்புகளுக்கு வேறு முறை உண்டு. இரு மூலைகளுக்கிடையே நேராகக் கயிறு கட்டி, பத்து மீட்டருக்கு ஓரிடத்தில் கயிற்றிலிருந்து வரப்பு வரை செங்குத்தாக அளந்து குறிக்கவும். செங்குத்து சரியா என்று அறிய 3, 4, 5 மீட்டர் கயிற்று முக்கோணம் போதும். எடுத்துக்காட்டு வயலில் 60 மீட்டர் வரப்பு வெளியே வளைந்திருந்து, பத்து பத்து மீட்டரில் எடுத்த அளவுகள் 1.2, 2.4, 3.0, 2.6, 1.1 மீட்டர் என்று வந்தால், அவற்றின் கூட்டுத்தொகை 10.3-ஐப் பத்தால் பெருக்க 103 சதுர மீட்டர் கிடைக்கும். இரண்டரை சென்ட் நிலம் அந்த வளைவில் இருக்கிறது. படத்திலும் இந்தப் புள்ளிகளைக் குறித்து இணைத்துவிட்டால் வளைவு உள்ளபடி வந்துவிடும்.

கைப்பேசியுடன் வரப்பைச் சுற்றி நடந்தாலே பரப்பைச் சொல்லும் செயலிகள் இருக்கின்றனவே, டேப் எதற்கு என்று கேட்கலாம். திறந்த வெளியிலும் கைப்பேசி காட்டும் இடம் மூன்று, நான்கு மீட்டர் விலகியிருப்பது இயல்பு. மரநிழலில் இன்னும் கூடும். நம் எடுத்துக்காட்டு வயலின் சுற்றளவு 200 மீட்டர். எல்லாப் பக்கமும் வெளியே 3 மீட்டர் தள்ளிக் காட்டினால் 600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 சென்ட் கூடிவிடும். விலகல் எப்போதும் ஒரே பக்கமாக இருக்காது என்பதால் உண்மையில் இவ்வளவு பிழை அரிதாகவே வரும். எனினும் இருபது ஏக்கர் தோப்புக்கு ஏற்ற கருவி, ஐம்பது சென்ட் வயலுக்கு ஏற்றது ஆகாது.

புலப்படத்திலிருந்து வரைதல்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் வருவாய்த் துறையின் புலப்படம் உண்டு. எஃப்.எம்.பி. என்று அலுவலகங்களில் வழங்கும் இந்தப் படத்தை அரசின் நில ஆவண இணையதளத்தில், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பெறலாம். அதை உற்றுப் பாருங்கள். எல்லைக் கோடுகளோடு வயலுக்குக் குறுக்கே ஓடும் கோடுகளும், அவற்றிலிருந்து செங்குத்தாக எடுத்த அளவுகளும் இருக்கும். மேலே நாம் கண்ட மூலைவிட்ட முறையும் செங்குத்தளவு முறையும் அதில் அப்படியே இருப்பதைக் காணலாம். நில அளவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வரும் முறை இது.

புலப்படத்தைக் கணிப்பொறியில் ஏற்றும்போது அளவின் அலகைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய படங்களில் அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க், அது 0.2012 மீட்டர். 300 லிங்க்ஸ் உள்ள வரப்பை 300 மீட்டர் என்று வரைந்துவிட்டால் நீளம் ஐந்து மடங்கும், பரப்பு ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கும் பெருகும். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். அடியையும் மீட்டரையும் கலந்துவிடும் தவறும் அப்படியே. ஆனால் ஒரு படத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் வேறு அலகில் புகுந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே ஒரு படம் முழுவதையும் ஒரே அலகில் வரைந்து முடித்து, கடைசியில் மொத்தமாக 0.201168-ஆல் சுருக்கி மீட்டருக்கு மாற்றுங்கள்.

லிங்க்ஸ் கணக்கில் ஒரு வசதியும் இருந்தது. ஓர் ஏக்கர் என்பது சரியாக ஒரு இலட்சம் சதுர லிங்க்ஸ். ஒரு சென்ட் ஆயிரம் சதுர லிங்க்ஸ். எனவே லிங்க்ஸில் வரைந்த படத்தின் பரப்பில் மூன்று இலக்கங்களைத் தள்ளினால் சென்ட் வந்துவிடும். பெரியவர்கள் மனக்கணக்காகவே பரப்புச் சொன்னதன் மருமம் இதுதான்.

திசைகாட்டி கொண்டு கோணம் எடுப்பவர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. திசைகாட்டியில் வடக்கு சுழியம், அங்கிருந்து வலம் சுற்றி எண்ணுகிறோம். வரைவு மென்பொருளில் கிழக்கு சுழியம், அங்கிருந்து இடம் சுற்றி எண்ண வேண்டும். 90-இலிருந்து திசைகாட்டிக் கோணத்தைக் கழித்து இடுக. திசைகாட்டியில் 30 என்றால் மென்பொருளில் 60. இதை மறந்தவரின் வயல் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக் கிடக்கும்.

அடுக்குகளைப் பிரித்து வையுங்கள்

லேயர் எனப்படும் அடுக்கு, மெல்லிய கண்ணாடித் தாள் போன்றது. எல்லை ஒன்றில், வரப்பும் வாய்க்காலும் ஒன்றில், கிணறும் மின்கம்பமும் ஒன்றில், குழாய் ஒன்றில், மரங்கள் ஒன்றில் என்று வரைந்தால் வேண்டியதைக் காட்டி வேண்டாததை மறைக்கலாம். வட்டங்கள் போன்ற துணைக்கோடுகளை அழித்துவிடாமல் தனி அடுக்கில் மறைத்து வையுங்கள். பின்னாளில் ஐயம் வந்தால் எந்த அளவிலிருந்து எந்த மூலை வந்தது என்று அதைப் பார்த்துத்தான் அறிய முடியும். அடுக்குகளின் பெயரும் நிறமும் குழுவில் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கோட்டின் முனையைக் கண்ணால் பார்த்துத் தொடுவது கூடாது. முனையைத் தானே பற்றிக்கொள்ளும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. அதை எப்போதும் இயக்கி வைத்திருங்கள். கண்ணுக்கு ஒட்டியது போலத் தெரியும் இரு கோடுகள் பெரிதாக்கிப் பார்த்தால் அரை மீட்டர் விலகி நிற்கும்.

தமிழில் பெயர் எழுதும்போது சில மென்பொருள்களில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தோன்றும். எழுத்துருவை லதா, நிர்மலா போன்றவற்றுக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கு மென்பொருள் இடங்கொடாவிட்டால் படத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, விளக்கத்தைத் தனித் தாளில் தமிழில் எழுதி இணைத்துவிடலாம்.

குழாயை முதலில் தாளில் பதியுங்கள்

வரைபடத்தின் பயன் முழுமையாகத் தெரிவது சொட்டுநீர்ப் பாசனத்தில்தான். அதே 88 மீட்டர் மூலைவிட்ட வயலில் காய்கறிப் பயிருக்குப் பக்கக் குழாய்களை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் போடுவதாகக் கொள்வோம். பரப்பை இடைவெளியால் வகுத்தால் மொத்தக் குழாய் நீளம் கிடைக்கும். 2,056-ஐ 1.5-ஆல் வகுக்க 1,371 மீட்டர். வரிசையை எந்தத் திசையில் போட்டாலும் ஏறத்தாழ இதே நீளம்தான் வேண்டும். வரப்போரம் விடும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஊர்க் கணக்கில் 2,444 சதுர மீட்டர் என்று கொண்டு விலைப்பட்டியல் போட்டிருந்தால் 1,629 மீட்டர் வரும். 258 மீட்டர் குழாயும், 60 செ.மீ. இடைவெளியில் அதிலுள்ள 430 சொட்டுவான்களும் தேவைக்கு மேற்பட்டவை. மானியத்தில் வந்தாலும் அது வீண்தான்.

குழாயின் மொத்த நீளம் மாறாவிட்டாலும், எங்கிருந்து எங்கே ஓட வேண்டும் என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. துணைக்குழாயை அ–இ மூலைவிட்டத்தின் வழியே போட்டு, அதற்குச் செங்குத்தாக இருபுறமும் பக்கக் குழாய்களைப் பிரித்தால், துணைக்குழாய் 88 மீட்டர் வேண்டும். இணைப்புகள் 116 வரை வரும். இதையே மாற்றி, பக்கக் குழாய்களை அ–இ கோட்டுக்கு இணையாக ஓடவிட்டு, துணைக்குழாயை ஆ–ஈ மூலைவிட்டத்தின் வழியே பதித்தால் 50 மீட்டர் துணைக்குழாயும் ஏறத்தாழ 62 இணைப்புகளும் போதும். மிக நீண்ட பக்கக் குழாய் 47 மீட்டர் இருக்கும். அந்த நீளத்துக்குக் கடைசிச் சொட்டுவான் வரை சீராக நீர் போகுமா என்பதைக் குழாய் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயின் விட்டமும் சொட்டுவானின் நீரளவும் நிலச் சரிவும் அதை முடிவு செய்யும். இவ்விரு முறைகளையும் இரண்டு அடுக்குகளில் வரைந்து, மாறி மாறிக் காட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடலாம். மண்ணைத் தோண்டியபின் யோசித்தால் இது நடக்குமா?

நீர் போதுமா என்பதையும் இதே படத்திலிருந்து கணக்கிடலாம். 1,371 மீட்டரில் 60 செ.மீ.க்கு ஒன்றாக 2,285 சொட்டுவான்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் மொத்தம் 9,140 லிட்டர். நொடிக்கு இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். உங்கள் ஆழ்குழாய்க் கிணறு கோடையில் இவ்வளவு தருமா? 200 லிட்டர் பீப்பாயை நிரப்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 80 நொடிக்குள் நிரம்பினால் முழு வயலுக்கும் ஒரே நேரத்தில் விடலாம். அதற்கு மேல் ஆனால், ஆ–ஈ கோட்டையொட்டி இரண்டு துணைக்குழாய்கள் பதித்து, தனித்தனி வால்வு வைத்து முறை மாற்றி விடுவது நல்லது. அந்தக் கோடு வயலை 1,096, 960 சதுர மீட்டர் கொண்ட இரு பகுதிகளாகப் பிரிக்கிறது, ஏறத்தாழச் சரிபாதி.

வேலை முடிந்தபின் குழாய் உண்மையில் பதிந்த இடத்தை மீண்டும் அளந்து படத்தைத் திருத்திவிடுங்கள். பாறை வந்தது, வேர் தடுத்தது என்று குழாய் சற்று ஒதுங்கியிருக்கும். ஐந்து ஆண்டு கழித்து டிராக்டர் கலப்பை எங்கே ஆழமாக இறங்கலாம் என்பதை அந்தத் திருத்திய படம்தான் சொல்லும்.

பண்ணைக் குட்டைக்கு வெட்டு முகப் படம்

குட்டைக்கு மேலிருந்து பார்க்கும் படம் மட்டும் போதாது. பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும் படமும் வேண்டும். மேலே 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று பேசிவிட்டு, கொள்ளளவு 1,800 கன மீட்டர் என்று கணக்கிடுவோர் உளர். கரை செங்குத்தாக நிற்காது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு விட்டால் அடிப்பகுதி 24 மீட்டருக்கு 24 மீட்டராகச் சுருங்கும். நடுவில் 27 மீட்டர். மேற்பரப்பு 900, நடுப்பரப்பு 729-ஐப் போல் நான்கு மடங்கு, அடிப்பரப்பு 576 ஆகியவற்றைக் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுத்தால் 1,464 கன மீட்டர் வரும். மண் வேலையை 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் பேசினால் 517 யூனிட். செங்குத்துக் கணக்கில் 636 யூனிட். நூற்றுக்கு மேற்பட்ட யூனிட்டுக்கு வெட்டாத மண்ணுக்குக் கூலி கொடுக்க நேரும். மணற்பாங்கான நிலத்தில் சரிவு இன்னும் கூடுதலாக விட வேண்டும்; அப்போது அளவு மேலும் குறையும். வெட்டிய மண்ணைக் கொட்டும் இடத்தையும் படத்தில் குறிக்கத் தவறாதீர்கள்.

அச்சிடும்போது

திரையில் எப்போதும் உண்மை அளவிலேயே வரைய வேண்டும். 88 மீட்டர் என்றால் 88. சுருக்குவது அச்சிடும்போது மட்டும்தான். சாதாரண ஏ-4 தாளில் 1:500 என்ற விகிதத்தில் அச்சிட்டால் தாளில் ஒரு செ.மீ., வயலில் 5 மீட்டர். நம் வயல் தாளில் எளிதாக அடங்கும். ஆனால் அச்சிடும் கடையில் "தாளுக்குப் பொருத்து" என்ற குறியைக் கவனியாமல் விட்டுவிட்டால் படம் சற்றே சுருங்கி வரும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அடிக்கோலை வைத்து அ–இ மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள், 17.6 செ.மீ. இருக்க வேண்டும். 17 செ.மீ. இருந்தால் அந்தத் தாளைக் கொத்தனாரிடமோ குழாய் பதிப்பவரிடமோ கொடுக்காதீர்கள். படத்தின் ஓரத்தில் 50 மீட்டர் நீள அளவுகோல் ஒன்றையும் வடக்குக் குறியையும் அளந்த தேதியையும் போட்டு வைப்பது நல்ல வழக்கம்.

குழுவினருக்குச் சில செய்திகள்

நம் நாட்டில் நிலப்பட விவரங்களைத் திரட்டவும் வெளியிடவும் முன்பிருந்த அனுமதி முறைகளை 2021 பிப்ரவரியில் மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆளில்லா வானூர்திகளுக்கான புதிய விதிகளும் வந்தன. இதனால் வானூர்தி மூலம் தோப்புகளைப் படமெடுத்துத் தரும் பணி பெருகியுள்ளது. அவர்கள் தரும் படத்தை அடியில் வைத்து, அதன்மேல் எல்லைகளை வரைந்து கொள்ளலாம். ஆனால் படத்தில் தெரியும் ஏதேனும் இரு நிலையான இடங்களுக்கு இடையே, கிணற்று விளிம்பிலிருந்து மின்கம்பம் வரை என்பது போல, டேப்பால் அளந்து படத்தின் அளவைச் சரிசெய்த பின்பே வரையத் தொடங்க வேண்டும்.

ஆட்டோகேட்டின் விலை குறைந்த பதிப்பான எல்.டி.யில், 2023-இல் வந்த 2024 பதிப்பு முதல் ஆட்டோலிஸ்ப் என்ற ஆணை நிரல் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது. சந்தா கட்டிப் பயன்படுத்தும் குழுக்கள், தென்னை நடவுப் புள்ளிகளை 7.5 மீட்டர் இடைவெளியில் தானாகவே குறிப்பது போன்ற வேலைகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். லிபர்கேட்டில் நகலெடுத்து அடுக்கும் ஆணையாலும் இதே வேலை முடியும்.

எல்லைத் தகராறுக்கு இந்தப் படம் உதவாது

குழுவினர் போடும் படம் பண்ணை வேலைக்கு உரியது. சட்ட ஆவணம் ஆகாது. அளந்து பார்த்ததில் பட்டாவில் உள்ளதைவிடப் பரப்பு குறைவாக வந்தால், அடுத்த வயல்காரர் வரப்பை நகர்த்திவிட்டார் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய வளைவு ஒன்று விட்டுப் போயிருக்கலாம். வாய்க்கால் புறம்போக்கைச் சேர்த்தோ சேர்க்காமலோ அளந்திருக்கலாம். எல்லைக் கல்லைத் தொடவோ நகர்த்தவோ எவருக்கும் உரிமை இல்லை. ஐயம் தீராவிட்டால் உரிய கட்டணம் செலுத்தி, இ-சேவை மையம் வழியாகவோ இணைய வழியாகவோ நில அளவைக்கு விண்ணப்பிக்கலாம். நில அளவர் வரும் நாளில் பக்கத்து வயல்காரரும் உடன் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தை அன்று கையில் வைத்திருந்தால், எந்த வரப்பில் வேறுபாடு வருகிறது என்று அவரிடம் தெளிவாகக் கேட்க உதவும்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பயிற்சி. ஒரே வயலை இருவர் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் அளவைச் சொல்லாமல் அளந்து வரைந்து கொண்டுவரட்டும். இரண்டு படங்களையும் ஒரே கோப்பில் வெவ்வேறு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அரை மீட்டருக்கு மேல் விலகும் மூலை எது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அந்த மூலைக்கு மட்டும் டேப்புடன் போய் வாருங்கள்.